பைலட்: ஒரு சொல்லும் நம் கடற்கரையும்



'மாதம் ஒரு சொல்' பகுதிக்கு இந்த முறை 'கைடு' என்ற சொல்லைத்தான் எடுத்து வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை மாற்றிவிட்டாள். மக்ரிபுக்குப் பின் நம் அறக்கட்டளையில் நடக்கும் ஆங்கில வகுப்பில், வழிகாட்டுதல் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் கைடு, லீட், டைரக்ட், ஷோ என்று எழுதினார்கள். இவள் மட்டும் 'பைலட்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையால் அதைச் சுழித்து, "பைலட் விமானம் ஓட்டுகிறவர் அல்லவா?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க நன்னா ஹார்பர்ல கிரேன் டிரைவரா இருந்தாங்க டீச்சர். கப்பலுக்கும் பைலட் உண்டாம். அவர் கப்பலை ஓட்ட மாட்டாராம், வழிதான் சொல்வாராம்" என்று அவள் பதில் சொன்னாளாம். டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பிள்ளை எழுதியதுதான் சரி. விமானத்துக்குப் போவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்தச் சொல் கப்பலில் இருந்தது. நன்னாவுக்கு என் ஸலாமைச் சொல்லி அனுப்பினேன்.

நம்மில் பலருக்குத் துறைமுகம் என்றால் பொன்னேரி நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள்தான். அந்தப் பெட்டிகள் கடலிலிருந்து கரைக்கு வரும் விதத்தை நாம் பார்த்ததில்லை. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்றும் நமக்குப் பக்கத்தில் இருப்பவை. இவற்றில் எதற்கு வரும் பெரிய கப்பலும் நேராக உள்ளே நுழைவதில்லை. வெளியே குறித்த இடத்தில் காத்திருக்கும். துறைமுகத்திலிருந்து ஒரு சிறு படகு புறப்பட்டுப் போகும். அதில்தான் பைலட் இருப்பார். கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணியைத் தொங்கவிடுவார்கள். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சரியான நொடி பார்த்து அவர் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் வெறும் கயிற்று ஏணி கூடாது, அதனுடன் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உலகெங்கும் இந்த ஏற்றத்தில் தவறி விழுந்து இறந்த பைலட்டுகள் உண்டு.

அவர் ஏறியதும் கப்பலில் ஒரு கொடி ஏறும். கம்பத்தை ஒட்டிய பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. 'என் கப்பலில் பைலட் இருக்கிறார்' என்பது அதன் பொருள். இரவானால் பைலட் படகே மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு விளக்குகளை ஏற்றிக்கொண்டு வரும்.

ஏழு கடலையும் கடந்து வந்த கேப்டனுக்குக் கடைசி இரண்டு மூன்று மைலுக்கு இன்னொருவர் எதற்கு என்று கேட்கலாம். நடுக்கடலில் கப்பலைச் சுற்றித் தண்ணீர்தான். ஆபத்தெல்லாம் கரைக்கு அருகில்தான் இருக்கிறது. நம் கரையையே பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் இங்கே அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது திசை மாறுகிறது. சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தங்கியது. மெரினா அகலமானது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் உள்ளே வந்தது. திருவொற்றியூர்க் கரை நெடுகக் கல் கொட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்படி மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் கடலில் எங்கே ஆழம், எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், காற்று வீசினால் வெறும் கப்பல் எவ்வளவு விலகும் என்பதைத் தினமும் அங்கே போய்வருகிறவர்தான் சொல்ல முடியும். பெரிய கப்பல் எஞ்சினை நிறுத்திய பிறகும் நீண்ட தூரம் ஓடிக்கொண்டே இருக்கும். தவறு தெரிந்த பிறகு திருத்த நேரம் இருக்காது.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28 நம் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. அன்று அதிகாலை 4 மணியளவில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற இரு கப்பல்கள் மோதின. ஒன்று எரிபொருள் ஏற்றி வந்தது, மற்றொன்று எரிவாயுக் கப்பல். அதன் பிறகு பல நாட்கள் எர்ணாவூர்க் கரையில் கறுப்பு எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளினார்கள். நம் மஹல்லா இளைஞர்களும் போனார்கள். எத்தனை சோப்புப் போட்டும் கையிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை என்று வந்து சொன்னார்கள். யார் தவறு என்ற ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. வாசலுக்கு அருகில் நடக்கும் ஒரு பிசகு எத்தனை குடும்பங்களின் சோற்றில் விழுகிறது என்பதற்காகச் சொன்னேன். அதற்குப் பின் எத்தனை நாள் மீன் விற்கவில்லை என்று காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இனி நன்னா சொன்ன முக்கியமான விஷயம். பைலட் கப்பலை ஓட்டுவதில்லை. சுக்கானைத் திருப்பும் சக்கரத்தில் கப்பலின் மாலுமி ஒருவர் நிற்பார். பைலட் அருகில் நின்று 'இத்தனை பாகை இடப்பக்கம்', 'எஞ்சினை மெதுவாக்கு' என்று சொல்வார். கேப்டன் பக்கத்திலேயே இருப்பார். பைலட் சொல்வது ஆபத்து என்று கேப்டனுக்குத் தோன்றினால் அதை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. உரிமை மட்டுமா, கடமையும் கூட. கப்பல் குறிப்பேட்டில் எழுதும் பழைய வாசகம் ஒன்று இருக்கிறது: 'மாஸ்டர்ஸ் ஆர்டர்ஸ், பைலட்ஸ் அட்வைஸ்'. கட்டளை கேப்டனுடையது, ஆலோசனை பைலட்டுடையது. நூறாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1908-ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டம், அது பொருந்தும் துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் பைலட் இல்லாமல் நுழையக்கூடாது என்றது. பைலட் இருந்தாலும் கப்பலால் சேதம் வந்தால் உரிமையாளரும் கேப்டனுமே பதில் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. பனாமா கால்வாய் இதற்குப் பேர்போன விதிவிலக்கு. அங்கே கப்பலை நடத்தும் அதிகாரமே பைலட்டின் கைக்குப் போய்விடும்.

வேலை முடிந்ததும் பைலட் இறங்கிப் போய்விடுவார். கப்பலோடு சிங்கப்பூர் வரை போவதில்லை.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே இத்தாலியிலிருந்து. அதற்கும் பின்னால் போனால் கிரேக்க மொழியில் துடுப்பைக் குறிக்கும் சொல் நிற்கிறது. அந்தக் காலத்தில் கப்பலின் பின்புறம் இருந்த பெரிய துடுப்பால்தான் திசை திருப்பினார்கள். துடுப்பைப் பிடித்தவர் என்பதே மூலப் பொருள்.

இதே வேலைக்கு நம் முன்னோர் என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. பழந்தமிழில் மீகாமன், நீகான் என்ற சொற்கள் உண்டு. பிறகு வந்தது 'மாலுமி'. இது எந்த மொழிச் சொல் என்று மதரஸாவில் ஓதும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அவர்கள் வயதில் தெரியாது. மாலுமி என்பது நம் 'முஅல்லிம்'தான்! மக்தபில் அலிஃப், பே சொல்லிக் கொடுக்கும் அதே முஅல்லிம். கற்பிக்கிறவர் என்பது பொருள். அரபுக் கடலோடிகள், நட்சத்திரம் பார்த்துத் திசையும் தூரமும் சொல்லிக் கப்பலை நடத்துகிறவரை முஅல்லிம் என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் நம் துறைமுகங்களுக்கு வந்து, தமிழ் நாவில் தேய்ந்து மாலுமி ஆகிவிட்டது. காலப்போக்கில் பொருளும் கொஞ்சம் இறங்கிவிட்டது. இன்று செய்தித்தாளில் '22 மாலுமிகள் மீட்பு' என்றால் சமையல்காரர் உட்படக் கப்பலில் இருந்த அத்தனை பேரும் அதில் அடக்கம். ஒரு காலத்தில் அது ஒருவருக்கு மட்டும் உரிய மரியாதைப் பெயர்.

மாலுமி தனியாக வரவில்லை. திசை திருப்பும் பலகைக்கு நாம் சொல்லும் 'சுக்கான்' அரபுச் சொல். கப்பல் தலைவரைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம் என்று கப்பல் கட்டி வாழ்ந்த மரைக்காயர்களின் ஊர்களில் இவை அன்றாடப் பேச்சு. மண்ணடியில் இன்னும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. கப்பல் போய்விட்டது, சொற்கள் தங்கிவிட்டன.

முஅல்லிம் எதை வைத்து வழி சொன்னார்? 'கமால்' என்று ஒரு கருவி இருந்தது. பெயர்தான் கருவி. ஒரு சிறு மரப்பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட நூல், அவ்வளவுதான். நூலின் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையைக் கண்ணுக்கு எதிரே நீட்டிப் பிடிப்பார். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொட, மேல்விளிம்பில் வடமீன் நிற்க வேண்டும். எந்த முடிச்சில் அது பொருந்துகிறதோ அதைக் கொண்டு கப்பல் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அளவின் பெயர் இஸ்பஉ, அதாவது விரல். தரையிலும் கடலிலும் இருளில் வழி அறிவதற்காக நட்சத்திரங்கள் ஆக்கப்பட்டதைச் சொல்லும் அல்அன்ஆம் சூராவின் 97-ஆம் வசனத்தை அந்த மனிதர்கள் எப்படி ஓதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1498-இல் வாஸ்கோடகாமாவுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழி காட்டியவர் புகழ்பெற்ற அஹ்மத் இப்னு மாஜித் என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. நானும் ஒரு மீலாத் விழாவில் சொல்லியிருக்கிறேன். அவர் பெரிய முஅல்லிம்தான். கடல் வழி பற்றி அவர் 1490-ஐ ஒட்டி எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. ஆனால் காமாவின் கப்பலில் இருந்தவர் அவர் இல்லை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் முடிவு. குஜராத்தி ஒருவர் என்கிறார்கள். போர்த்துகீசியர்கள் அவருக்குக் கொடுத்த பெயரைப் பாருங்கள்: 'மலேமோ கனக்கா'. மலேமோ என்பது முஅல்லிம். கனக்கா என்பது கணக்கு, கணக்கன் என்ற நம் நாட்டுச் சொல். நட்சத்திரக் கணக்குப் பார்ப்பவர். பெயரே இல்லை, இரண்டு மொழியில் ஒரே தொழிலைச் சொல்லியிருக்கிறார்கள். வழி காட்டியவரின் சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெயர் காப்பாற்றப்பட்ட ஒரு வழிகாட்டியும் நம் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மதீனாவுக்கு வழி காட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். மக்காவே தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒட்டகங்களை அவரிடம் கொடுத்து, மூன்று இரவுகள் கழித்து தவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். சொன்னபடி வந்தார். வழக்கமான பாதையை விட்டுக் கடற்கரைப் பக்கமாக அழைத்துப் போனார். ஹதீஸில் அவரைக் குறிக்க வரும் 'கிர்ரீத்' என்ற சொல்லுக்குப் பாதையின் நுணுக்கம் எல்லாம் அறிந்தவர் என்று பொருள். பாதை தெரியுமா, நம்பலாமா என்ற இரண்டும் பார்க்கப்பட்டன. நம் ஆள், நம் சொந்தம் என்பது பார்க்கப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு உள்ளே உறுத்துகிறது. காரணம் பின்னால் வருகிறது.

உள்ளத்துக்கு நேர்வழி தரும் ஹிதாயத் அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது. மனிதர் மனிதருக்குச் செய்வது பாதையைக் காட்டுவது வரைதான். அது ஆலிம்கள் பேச வேண்டிய பாடம், ஹஜ்ரத்திடம் விட்டுவிடுகிறேன்.

இனி இன்றைய வழக்கு. ரயில் ஓட்டுநரை ரயில்வே இப்போது 'லோகோ பைலட்' என்கிறது. 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் அந்தச் சேவையில் பைலட் என்றே அழைக்கிறார்கள். அமைச்சர் காருக்கு முன்னால் சைரன் போட்டுக்கொண்டு போவது 'பைலட் கார்'. ஒரு திட்டத்தை முதலில் சில இடங்களில் நடத்திப் பார்த்துப் பிறகு விரிப்பதை 'பைலட் ஸ்கீம்' என்பார்கள். தமிழில் முன்னோடித் திட்டம். அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் 2022-இல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டு மற்றப் பள்ளிகளுக்குப் போனதே, அந்த முறை. மணலி ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு மின்பலகையில் எரியும் 'பைலட் லேம்ப்' தெரியும். மின்சாரம் வருகிறது என்று காட்டுவது அதன் வேலை. பைலட் பேனாவைச் சொல்லவே வேண்டாம். நான் புதுக்கல்லூரியில் படித்தபோது ராயப்பேட்டை பைலட் தியேட்டரைக் கடந்து போவேன். உள்ளே போனதைப் பற்றி ஒரு நலச்செய்தி மடலில் எழுதுவது சரியில்லை.

வினைச்சொல்லாகவும் வரும். ஒருவர் ஒரு மசோதாவைச் சட்டமன்றத்தில் எதிர்ப்புகளுக்கு நடுவே நிறைவேற்றிக் கொடுத்தால் 'ஹீ பைலட்டட் த பில்' என்று எழுதலாம். ஒரு வாப்பாவைக் கூட்டமான ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக அழைத்துப்போன செவிலியரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். கடினமான இடம், தெரிந்த ஆள், கூடவே போகிறார் என்ற மூன்றும் இருந்தால் பைலட் பொருந்தும். எழுத்துப்பிழை இங்கே நிறைய வரும். பேச்சில் 'பைலட்டட்' என்று அழுத்தினாலும் எழுதும்போது 'டி' என்ற எழுத்து ஒன்றுதான். பொதுத்தேர்வில் இதற்கு அரை மதிப்பெண் போனவர்கள் உண்டு.

உறவுச் சொற்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டினால் தெளிவாகும். 'லீட்' என்றால் முன்னால் போகிறவர், மற்றவர் பின்தொடர்வார்கள். 'அஷர்' என்றால் வாசலில் வரவேற்று உட்கார இடம் காட்டுவது, நிக்காஹ் மண்டபத்தில் நம் பையன்கள் செய்யும் வேலை. 'எஸ்கார்ட்' காவலுக்குக் கூடப்போவது. 'கைடு' பொதுவானது. மனிதராகவும் இருக்கலாம், புத்தகமாகவும் இருக்கலாம். நம் ஊரில் அது விடைப் புத்தகம் ஆகிவிட்டது வேறு கதை. 'வாத்தியார் இல்லாட்டி என்ன, கைடு இருக்கே' என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு மரபுத்தொடரும் இருக்கிறது: 'டிராப் த பைலட்'. துறைமுகத்தில் இதற்கு ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. வேலை முடிந்த பைலட்டை இறக்கிவிட்டோம் என்பதுதான். 1890-இல் ஜெர்மனியின் இளம் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், நாட்டை நீண்ட காலம் நடத்திய பிஸ்மார்க்கைப் பதவி விலக வைத்தார். அப்போது லண்டன் 'பஞ்ச்' இதழில் ஜான் டெனியல் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். கிழவரான பிஸ்மார்க் பைலட் உடையில் கப்பல் படியில் இறங்குகிறார், மேலே மன்னர் சாய்ந்துகொண்டு பார்க்கிறார். தலைப்பு 'டிராப்பிங் த பைலட்'. அதிலிருந்து, அனுபவமுள்ள ஆலோசகரை அவசரப்பட்டுக் கழற்றிவிடுவது என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

கடைசியாகச் சொல்ல நினைத்தது 'பைலட் கார்டு'. பைலட் கப்பலில் ஏறியதும் வாய் திறந்து வழி சொல்ல ஆரம்பிப்பதில்லை. கேப்டன் ஒரு அட்டையை நீட்டுவார். இந்தக் கப்பலின் நீளம் என்ன, தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எஞ்சின் எப்படி, எந்தக் கருவி பழுது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து, கேட்டு, பேசிய பிறகே அடுத்த வேலை. கரையைப் பற்றி அவருக்குத் தெரியும். இந்தக் கப்பலைப் பற்றித் தெரியாது அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் இந்த அட்டையைக் கேட்காமல் வழி சொன்னேன். நம் மஹல்லாவில் ஒரு தம்பி, பத்தாம் வகுப்பு முடித்தவன், அத்தா இல்லாத பிள்ளை. கப்பலில் வேலைக்குப் போக வேண்டும் என்று அவன் அம்மாவோடு அலுவலகம் வந்தான். எனக்குத் தெரிந்த ஒருவர், நம் சமுதாயத்துக்காரர், தொழுகையாளி, 'பையனை அனுப்புங்க பாய், நான் கைடு பண்றேன்' என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். நான் பாதை கேட்கவில்லை, ஆளைப் பார்த்தேன். அறக்கட்டளையின் கர்ளன் ஹஸனாவிலிருந்து 40,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன். மீதிக்கு அந்த அம்மா வளையலை அடகு வைத்தார். பயிற்சிக் கட்டணம், 'வேலை உறுதிக் கட்டணம்' என்று இரண்டு தவணையாகப் பணம் போனது.

அதன் பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. புள்ளிகளுக்குள் எண் எழுதிய படத்தைக் காட்டி என்ன எண் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பிக்கு எண் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிவதில்லை. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. துறைமுகத்துக்குள் நுழையும் வழியிலும் நம் நாட்டில் இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இரவில் இந்த நிறத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். மேல்தளத்தில் காவல் நிற்கும் வேலைக்கு அவன் கண் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த அம்மாவிடம் கேட்டபோது, சின்ன வயதிலிருந்தே கொய்யா காயா பழமா என்று நிறம் பார்த்துச் சொல்ல மாட்டான், விளையாட்டு என்று நினைத்தோம் என்றார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கட்டிய பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது, அதற்கும் பலமுறை நடந்தோம்.

தம்பி இப்போது கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறான். கடனை மாதாமாதம் கொண்டுவந்து கட்டினான். மீதியைத் தள்ளுபடி செய்யலாம் என்று நிர்வாகக் குழுவில் நான் சொன்னபோது, அவனே வேண்டாம் என்றுவிட்டான். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அவன் அம்மா மட்டும், இரண்டாவது மகன் படிப்பைப் பற்றிக் கேட்க என்னிடம் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது.

கப்பல் வேலை நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நல்ல வேலைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள். பயிற்சி நிலையம் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், அதாவது டிஜி ஷிப்பிங், அங்கீகரித்ததா என்று அவர்களுடைய இணையதளப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழை நம்ப வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு 'ஆர்பிஎஸ்எல்' என்ற உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்கள் வேலை வாங்கித் தருவதற்கென்று பிள்ளையிடம் பணம் வாங்கக்கூடாது என்பது விதி. வாங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால், டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள். நிறக்குறை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு இருப்பது, வீட்டில் யாருக்கும் தெரியாமலே வளர்ந்துவிடும். இது நோயும் அல்ல, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. படிக்க எத்தனையோ துறை இருக்கிறது.

நம் கல்வி ஆலோசனைப் படிவத்தை அந்தச் சம்பவத்துக்குப் பின் மாற்றினோம். முன்பு முதல் பக்கத்தில் 'என்ன படிப்பு வேண்டும்' என்று இருந்தது. இப்போது முதல் பக்கம் முழுவதும் பிள்ளையைப் பற்றியது: கண், காது, உடல்நிலை, பிடித்த பாடம், பிடிக்காத பாடம், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், என்ன கடன் இருக்கிறது. கீழே பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், பெற்றோர் போட்டால் மட்டும் போதாது. ஆலோசனை சொன்னவர் பெயரும் அதில் இருக்கும். ஆங்கில வகுப்பு டீச்சரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்தப் படிவத்துக்குப் 'பைலட் கார்டு' என்றே பெயர் வைக்கலாமே என்றார். அடுத்த அச்சில் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.

ஆலோசனை ஒவ்வொரு ஞாயிறும் லுஹருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் நடக்கிறது. மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்தனுப்பாமல் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் சுழித்த இடத்தில் டீச்சர் சரி போட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதச் சொல்லையும் அவளே தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். 'கைடு' இன்னும் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.